யூடியூப் இருக்கும்போது ஆல்ப்ஸ் ஏற மூத்த ஆசான் எதற்கு?

டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்போர்ட் கிளைம்பிங் அறிமுகமான பிறகு, செயற்கைச் சுவரில் ஏறுவது பலருக்கும் தெரிந்த விளையாட்டாகிவிட்டது. ஜிம்மில் இரண்டு வருடம் நன்றாக ஏறியவருக்கு அடுத்து வரும் ஆசை நிஜமான மலை. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் ஆல்ப்ஸ்.

அங்கே ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. அனுபவசாலி ஒருவரின் கயிற்றில் இணைந்து, பல சீசன்கள் அவர் பின்னாலேயே ஏறிக் கற்றுக்கொள்வது. "முடிச்சு போடறது யூடியூப்ல இருக்கு, ரூட் ஆப்ல இருக்கு. அப்புறம் எதுக்கு 60 வயசுக்காரர் பின்னாடி சுத்தணும்?" என்று ஒரு இளைஞர் கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

சுத்தித்தான் ஆக வேண்டும். ஆனால், அவர் சொல்வதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது.

ஜிம் சுவருக்கும் ஆல்ப்ஸுக்கும் என்ன வித்தியாசம்?

ஜிம்மில் கயிற்றை மாட்டும் கொக்கிகள் ஏற்கெனவே சுவரில் இருக்கும். கை வழுக்கினால் கீழே மெத்தை. அலுத்துப்போனால் ஒரு நிமிடத்தில் இறங்கிவிடலாம்.

ஆல்ப்ஸில் பல ஏற்றங்கள் நள்ளிரவு தாண்டியதும், தலையில் மாட்டிய விளக்கின் வெளிச்சத்தில் தொடங்கும். பாறையின் அடிக்குப் போகவே பல இடங்களில் பனியாற்றைக் கடக்க வேண்டும். அதில் மேலே பனி மூடி, உள்ளே ஆழமான பிளவுகள் ஒளிந்திருக்கலாம். இரவில் உறைந்து பிடித்திருந்த கற்கள் வெயில் பட்டதும் கழன்று விழும். கோடையில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் சாதாரணம். பாதுகாப்புக் கருவிகளைப் பாறை விரிசல்களில் நாமே செருகிக்கொண்டு ஏற வேண்டும். உச்சியைத் தொட்டாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கும். இறங்கணுமே!

முடிச்சை வீடியோவில் கற்கலாம். "இந்தப் பாறையைத் தட்டினால் பொள்ளென்று சத்தம் வருகிறது, இதில் பிடிக்காதே" என்பதை வீடியோ சொல்லாது. அதற்குத்தான் கயிற்றில் இரண்டாவது ஆளாக ஏறுவது. முன்னால் போனவர் செருகிய ஒவ்வொரு கருவியையும் பின்னால் வருபவர் கழற்றிக்கொண்டே வருவார். எது உறுதியாக நின்றது, எது லேசாக இழுத்ததும் வந்துவிட்டது என்பதை அவர் கையே கற்றுக்கொள்ளும். பிறகு சுலபமான பகுதியில் மாணவர் முன்னால் போவார், ஆசான் பின்னால் வந்து சரிபார்ப்பார். பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து மூன்றும் சேர்ந்து முன்மொழிந்த ஆல்ப்ஸ் மலையேற்றக் கலையை, யுனெஸ்கோ 2019-ல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகச் சேர்த்தது.

1865-ல் என்ன நடந்தது?

1865 ஜூலை 14. மேட்டர்ஹார்ன் சிகரத்தில் முதன்முறையாக மனிதர்கள் கால் வைத்தார்கள். எட்வர்ட் விம்பர் உட்பட மொத்தம் 7 பேர். அவர்களில் ஒருவர் 19 வயது டக்ளஸ் ஹாடோ. அனுபவம் குறைவு. அவரை அழைத்து வந்தவர் சார்லஸ் ஹட்சன். அந்தக் காலத்தின் மிகச் சிறந்த மலையேறிகளில் ஒருவர். 'இவரால் முடியுமா?' என்று விம்பருக்குச் சந்தேகம் வந்தபோது, மோன் பிளாங்க் ஏறியவர்தான் என்று சொல்லி ஹட்சன் பொறுப்பேற்றுக்கொண்டார். அதோடு கேள்வி முடிந்துபோனது.

இறங்கும்போது ஹாடோ தடுமாறினார். ஷமோனியைச் சேர்ந்த வழிகாட்டி மிஷேல் குரோ, அவர் கால்களை ஒவ்வொன்றாகப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்துக்கொண்டிருந்ததாக விம்பர் பின்னர் எழுதினார். ஹாடோ வழுக்கி குரோ மீது விழ, கயிறு மேலே இருந்த இருவரையும் சேர்த்து இழுத்தது. கயிறு அறுந்தது. ஹாடோ, குரோ, ஹட்சன், பிரான்சிஸ் டக்ளஸ் ஆகிய 4 பேரும் இறந்தார்கள்.

ஹட்சனுக்குத் திறமை இருந்தது. மாணவரின் அளவைத்தான் அவர் தவறாகக் கணித்தார். பெரிய ஆள் சொல்லிவிட்டார் என்பதால் மற்றவர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். அமெரிக்கப் பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்த ஐயன் மெக்கேமன் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: 'நிபுணர் ஒளிவட்டம்'. குழுவில் ஒருவரை நிபுணராகப் பார்க்க ஆரம்பித்ததும், மற்றவர்கள் தாங்களாக யோசிப்பதை நிறுத்திவிடும் ஆபத்து அது.

மலையே மாறினால்?

ஒளிவட்டம் இன்று இன்னும் ஆபத்தானது. மோன் பிளாங்க் பகுதியில் உள்ள ட்ரூ சிகரத்தின் பெரிய பாறைத்தூணில் வால்டர் பொனாட்டி 1955-ல் ஆறு நாள் தனியாகப் போராடி ஏறினார். அவர் பெயரிலேயே அழைக்கப்பட்ட அந்தத் தூண் 2005-ல் சரிந்து விழுந்தது. உயரமான பாறைகளின் விரிசல்களைச் சிமென்ட் போலப் பிடித்து வைத்திருப்பது, ஆண்டு முழுக்க உருகாத பனி. வெப்பம் ஏற ஏற அது இளகுகிறது. 2022 கோடையில் கல் விழும் ஆபத்து அதிகமானதால், மோன் பிளாங்கின் வழக்கமான பாதையில் ஆள் கூட்டிப்போவதை ஷமோனி வழிகாட்டிகள் சங்கமே நிறுத்தி வைத்தது. 1821-ல் தொடங்கிய சங்கம் அது.

ஆக, "நாப்பது வருஷமா இதே வழியிலதான் போறேன்" என்ற பேச்சு இனி உத்தரவாதம் ஆகாது. "இந்த மலை நான் பார்த்த மலை இல்லை, இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்பவரே நம்பத்தக்க ஆசான்.

யாரைத் தேர்ந்தெடுப்பது?

ஒரு நாள் உச்சியைப் பார்த்துவிட்டு வந்தால் போதும் என்பவர்கள், சர்வதேச அங்கீகாரம் பெற்ற வழிகாட்டிக்குக் கட்டணம் கட்டிப் போகலாம். சொந்தமாக ஏறக் கற்க நினைப்பவர்களுக்குத்தான் ஆசான் தேவை. அவரிடம் எத்தனை சிகரம் ஏறினீர்கள் என்று கேட்பதைவிட, கடைசியாக எப்போது, ஏன் பாதியில் திரும்பினீர்கள் என்று கேட்பது நல்லது. உச்சி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தும் திரும்பிய கதை அவரிடம் இருக்க வேண்டும்.

மாணவருக்கும் ஒரு கடமை உண்டு. கயிற்றின் மறுமுனையில் இருப்பது அவருடைய உயிரும்தான். "ஏன் இந்த வழி? ஏன் இப்போ?" என்று வாய்விட்டுக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. அந்தக் கேள்விக்கு எரிச்சல்படும் ஆசானிடம், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், கயிறு கட்டாமல் இருப்பதே நல்லது.