‘ஆரோட போறாய்?’

“வெளிநாட்டுக்குத் தனியப் போகப் போறன்” என்று எங்கள் வீடுகளில் ஒரு பெண்பிள்ளை சொன்னால், எந்த நாடு, எத்தனை நாள், எவ்வளவு காசு என்று யாரும் கேட்பதில்லை. முதல் கேள்வி, பல நேரம் ஒரே கேள்வி: “ஆரோட போறாய்?”

இந்தக் கேள்விக்குப் பயந்து பலர் போவதே இல்லை. போகிறவர்களில் பலர் பொய் சொல்லிவிட்டுப் போகிறார்கள். “யூனியால கூட்டிக்கொண்டு போகினம்.” “லீசாவின்ர குடும்பத்தோட போறன்.” வீட்டுக்காரரும் நம்பின மாதிரி இருந்துவிடுவார்கள். கோயிலில் யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதில் கிடைத்துவிட்டதே!

எனக்கு இந்தப் பொய்யோடுதான் சண்டை. நீங்கள் பொய் சொல்லிவிட்டுப் போய்ச் சுகமாகத் திரும்பி வந்தால், தனியாகப் போய் வந்த ஒரு பிள்ளையின் கதை எங்கள் சனத்துக்குக் கிடைக்காமல் போகிறது. அவர்களிடம் இருப்பதெல்லாம் பயக்கதைகள் மட்டும்தான். அடுத்த வருடம் உங்கள் மச்சாள் கேட்கும்போதும், “இதுவரைக்கும் எங்கட பிள்ளையள் ஒருத்தரும் அப்பிடிப் போகேல்லை” என்றே பதில் வரும். அதைவிட முக்கியம், புடாபெஸ்டில் உங்கள் கைப்பை களவு போனால் யாருக்கு போன் எடுப்பீர்கள்? நீங்கள் லீசா வீட்டுக்காரரோடு இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்கா?

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். என் அண்ணா 18 வயதில் கூட்டாளிமாரோடு ஸ்பெயினுக்குப் போனார். அடுத்த வருடம் தனியாக லிஸ்பனுக்குப் போனார். “கவனமாப் போட்டு வா” என்றார்கள், அவ்வளவுதான். எனக்கு 20 வயதானபோது மூன்று வீட்டுப் பெரியவர்கள் எங்கள் வரவேற்பறையில் கூடினார்கள்.

அவர்களில் ஒருவர் பெரியப்பா. 1985இல் கையில் ஒரு பையோடு கிழக்கு பேர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர். அங்கிருந்து ஃபிரீட்ரிக்ஸ்ட்ராஸ நிலையத்துக்கு வந்து மேற்கு பேர்லினுக்குள் நுழைந்தார். அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் பலர் வந்த வழி அது. அப்போது அவருக்கு 19 வயது. பாஷை தெரியாது, ஒருவரையும் தெரியாது. நான் அதைச் சொன்னபோது அவர் சொன்னார்: “பிள்ளை, நான் ஊர் பாக்க வரேல்லை. உயிர் தப்ப வந்தனான்.”

சரியான பதில். அதை நான் மறுக்கவில்லை. எல்லை என்ற சொல்லைக் கேட்டால் அவருக்குப் பொலிஸ்காரனின் டோர்ச் வெளிச்சம்தான் ஞாபகம் வருகிறது. அந்தப் பயத்துக்கு நான் மரியாதை கொடுக்கிறேன். ஆனால் அதே பயம் அண்ணா லிஸ்பனுக்குப் போகும்போது ஏன் வரவில்லை என்ற கேள்விக்குப் பெரியப்பாவிடம் பதில் இல்லை.

அம்மாவின் கதை இன்னும் விசித்திரம். 90களில், 23 வயதில், போட்டோவில் மட்டும் பார்த்த ஒருவரைக் கலியாணம் கட்ட அம்மா கொழும்பிலிருந்து தனியாக விமானம் ஏறினார். அதற்கு முன்பு அவர் விமானத்தைக் கிட்ட நின்று பார்த்ததுகூட இல்லை. அன்றைக்கு “ஆரோட போறாய்?” என்று யாரும் கேட்கவில்லை. ஊரே சேர்ந்து வழியனுப்பியது. அப்படி எத்தனை அம்மாமார் வந்தார்கள்! ஆகவே பெண்பிள்ளை தனியாகக் கடல் கடப்பது எங்களுக்குப் புதிதும் இல்லை, பிழையும் இல்லை. கலியாணத்துக்காகக் கடந்தால் சரி, தன் விருப்பத்துக்காகக் கடந்தால்தான் கூடாது. இதற்குப் ‘பாதுகாப்பு’ என்று பெயர் வைக்காதீர்கள்.

அடுத்த குற்றச்சாட்டு வீண்செலவு. சாமத்திய வீட்டுக்கு ஹோலும் பல்லக்கும் வீடியோக்காரரும் பிடிக்கும் சமூகம், ஒரு ஹொஸ்டல் கட்டிலின் விலையைக் கேட்டு அதிர்ச்சி அடைகிறது. நான் போன 10 நாள் பயணத்தின் கணக்கை அப்படியே தருகிறேன். டோர்ட்முண்டில் தொடங்கி பேர்லின், கிராக்கோவ், புடாபெஸ்ட், வியன்னா, திரும்ப வீடு.

பேர்லின் வரை யூனியின் செமெஸ்டர் ரிக்கெற் செல்லும். வேக ரயில் ஏறக்கூடாது, பிராந்திய ரயில்களில் மாறி மாறிப் போகவேண்டும். அரை நாளுக்கு மேல் எடுக்கும், ஆனால் மேலதிகமாக ஒரு சதமும் இல்லை. பேர்லினிலிருந்து கிராக்கோவுக்கு பஸ் 35 யூரோ, அங்கிருந்து புடாபெஸ்டுக்கு பஸ் 30, வியன்னாவுக்கு ரயில் 15, வீட்டுக்கு 45. போக்குவரத்து மொத்தம் 125 யூரோ.

ஹொஸ்டலில் பெண்களுக்கு மட்டுமான அறையில் 9 இரவுகள். பேர்லினில் ஒன்று 25, கிராக்கோவில் மூன்று 54, புடாபெஸ்டில் மூன்று 54, வியன்னாவில் இரண்டு 56. மொத்தம் 189 யூரோ.

சாப்பாட்டுக்கு நாளுக்கு 14 யூரோ, மொத்தம் 140. காலையில் சுப்பர்மார்க்கெட் பாணும் வாழைப்பழமும், மத்தியானம் ஒரு நல்ல சாப்பாடு, இரவில் ஹொஸ்டல் குசினியில் சமையல். கிராக்கோவில் ‘பார் ம்லெச்னி’ என்று பெயர்ப்பலகை கண்டால் உள்ளே போங்கள். பால்கடை என்று அர்த்தம், ஆனால் கம்யூனிஸ்ட் காலத்திலிருந்து நடக்கும் மலிவுச் சாப்பாட்டுக்கடைகள் அவை. கொழுக்கட்டையின் ஒன்றுவிட்ட சகோதரியான ‘பியரோகி’ அங்கே கிடைக்கும். ஊருக்குள் போய்வரவும் நுழைவுச் சீட்டுகளுக்கும் 50. வியன்னா அரச ஒபெராவில் நின்று பார்ப்பவர்களுக்கு மலிவுச் சீட்டு உண்டு. பேர்லின் நாடாளுமன்றத்தின் கண்ணாடிக் கூரைக்கு ஏற, முன்பே பதிவு செய்தால் காசே இல்லை.

பயண மருத்துவக் காப்புறுதி 12. ஆக மொத்தம் 516 யூரோ. இதற்கு மேல் 100 யூரோ, தொடக்கூடாத காசு. சனிக்கிழமைகளில் பேக்கரியில் நின்று, 5 மாதம், மாதம் 125 யூரோ ஒதுக்கினேன். என் காசு. யாருடைய சீட்டுக்காசும் இல்லை. 18 வயதுக்காரருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது: ஐரோப்பிய ஒன்றியம் 2018இலிருந்து ‘டிஸ்கவர் ஈயூ’ என்ற திட்டத்தில் இலவச ரயில் பாஸ் கொடுக்கிறது. விண்ணப்பித்துத் தெரிவாக வேண்டும். உங்கள் தம்பி தங்கச்சிமாருக்குச் சொல்லி வையுங்கள்.

இனி மறுபக்கத்துக்காரரோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. “திட்டம் போடாதே, சும்மா கிளம்பு, அதுதான் சுதந்திரம்” என்று வகுப்பில் சொல்பவர்கள். காசு முடிந்தால் அப்பா அனுப்புவார் என்பவருக்கு அது சுதந்திரம். எல்லைச் சோதனையில் பஸ்ஸில் இருக்கும் 40 பேரில் யாரை முதலில் எழுப்புவார்கள் என்று தெரிந்தவர்களுக்கு வேறு கணக்கு. 2024 செப்டம்பரிலிருந்து ஜேர்மனி தன் எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனை நடத்துகிறது. போனில் இருக்கும் படம் போதாது, மூல ஆவணம் கையில் இருக்கவேண்டும்.

எந்த ஆவணம் என்பதும் எங்களுக்குள் ஒரே மாதிரி இல்லை. ஜேர்மன் குடியுரிமை இருந்தால் இந்தப் பயணத்துக்கு அடையாள அட்டையே போதும். இலங்கைக் கடவுச்சீட்டும் ஜேர்மன் வதிவிட அட்டையும் இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாட்களில் 90 நாள் வரை தனி விசா இல்லாமல் இருக்கலாம், இரண்டும் கையில் வேண்டும். லண்டனுக்கு அது உதவாது. டுல்டுங் மட்டும் வைத்திருப்பவர் எல்லையைத் தாண்டவே கூடாது, தாண்டினால் அது செல்லாமல் போய்விடும். ‘சும்மா கிளம்பு’ என்பவருக்கு இவை ஒன்றும் தெரியாது. எங்களுக்குத் திட்டம்தான் சுதந்திரம்.

அந்தத் திட்டம்தான் வீட்டில் பேசவும் உதவுகிறது. “நான் பெரிய ஆள், என்னை விடுங்கோ” என்று கத்துவதால் ஒரு அம்மாவின் பயமும் குறைந்ததில்லை. நான் மேசையில் ஒரு தாளை வைத்தேன். எந்த நாள் எந்த ஊர், எந்த ஹொஸ்டல், அதன் தொலைபேசி இலக்கம், எத்தனை மணிக்கு பஸ், எல்லாம் அதில் இருந்தன. புது ஊருக்குப் பகலில்தான் போய் இறங்குவேன் என்றேன். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அவசர இலக்கம் 112 என்று எழுதினேன். மருத்துவ அட்டையைத் திருப்பிக் காட்டினேன்: எங்கள் ஜேர்மன் அட்டையின் பின்பக்கம்தான் ஐரோப்பிய மருத்துவ அட்டை, மற்ற ஒன்றிய நாடுகளில் அவசிய சிகிச்சைக்குச் செல்லும். நோயாளியை வீட்டுக்குக் கொண்டுவரும் செலவை அது தராது, அதற்குத்தான் அந்த 12 யூரோ. காசெடுக்கும் மெஷின் “யூரோவில் கழிக்கவா?” என்று கேட்டால் வேண்டாம் என்று அந்த நாட்டுக் காசையே அழுத்த வேண்டும் என்பதைக்கூட அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா முழுவதையும் வாசித்துவிட்டு, “இரவில ஒருக்கா எடு” என்றார். அனுமதி அந்த மூன்று சொல்லில்தான் வந்தது. பெரியப்பா இன்றுவரை சம்மதிக்கவில்லை. அவர் சம்மதம் இல்லாமலே போய் வந்தேன், ஆனால் அவருக்குத் தெரியாமல் போகவில்லை.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். உண்மை சொன்னால் அடி விழும், படிப்பு நிற்கும், கடவுச்சீட்டைப் பறிப்பார்கள் என்ற வீடும் எங்களுக்குள் இருக்கிறது. அங்கே இருக்கும் பிள்ளையிடம் “உண்மையைப் பேசு” என்று நான் உபதேசம் செய்யமாட்டேன். அவருக்கு முதலில் வேண்டியது பயணம் இல்லை, நம்பக்கூடிய ஒரு பெரிய ஆள். நான் பேசுவது மற்றவர்களோடு. ஒரு வாரம் முகம் நீட்டுவார்கள், சித்தி நாலு வார்த்தை சொல்லுவார், அவ்வளவுதான் என்று தெரிந்தும் பொய்யைத் தேடுகிறவர்களோடு. அந்த ஒரு வாரத்தைத் தாங்க உங்களால் முடியும். நீங்கள் தாங்கினால் உங்களுக்குப் பின்னால் வருகிறவள் தாங்கவேண்டியது இரண்டு நாள்தான்.

ஆகவே இந்தக் கோடைக்கு ஒரு ஊரைத் தெரிவு செய்யுங்கள். கணக்கை எழுதுங்கள். வீட்டில் கேட்டால் “தனியத்தான் போறன்” என்று சொல்லுங்கள். போய் வந்த பிறகு, கோயில் மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது, சின்னப் பிள்ளைகளுக்குக் கேட்கும்படி அந்தக் கதையைச் சத்தமாகச் சொல்லுங்கள்.