தமிழில் முகவரி வாங்கினால் இலாபம் வருமா?

புளத்கொகுபிட்டியவில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர், கொழும்பில் கடையொன்றில் வேலை செய்து சேர்த்த காசில் 14 தமிழ் இணைய முகவரிகளை வாங்கி வைத்திருக்கிறார். வேலைவாய்ப்பு, தங்க விலை, கலியாணம் என்ற வகைச் சொற்கள். முன்பாதி தமிழ், பின்பாதி டொட் கொம். "காணி மாதிரித்தான் அக்கா, வச்சிருந்தா விலை ஏறும்" என்று யூடியூபில் யாரோ சொன்னதை நம்பியிருக்கிறார். புதுப்பிக்கும் காலம் வந்ததும் என்னிடம் கேட்டார்: வைத்திருக்கவா, விடவா?

லயத்து அறைக்கு உறுதிப்பத்திரம் இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்குக் காணி என்ற சொல் இனித்ததில் வியப்பில்லை. ஆனால் இணைய முகவரி காணி அல்ல, ஆண்டு வாடகை. ஒரு பெயருக்குப் பதினொரு டொலர் என்றாலும், டொலர் 300 ரூபாய்க் கணக்கில் 14 பெயருக்கு ஏறத்தாழ 46,000 ரூபாய். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் பார்த்தால், அவருடைய அம்மா 34 நாள் கொழுந்து பறிக்க வேண்டும். அதுவும் ஒவ்வொரு வருடமும்.

பெரிய விலைகள் பொய்யல்ல. 2019இல் 'வொய்ஸ் டொட் கொம்' 3 கோடி டொலருக்குக் கைமாறியது. ஆனால் அது ஆங்கிலச் சொல். சொந்த எழுத்தில் பெருமைகொள்ளும் சீனாவிலேயே, கிஹூ நிறுவனம் 2015இல் கோடிக்கணக்கான டொலர் கொடுத்து வாங்கியது '360 டொட் கொம்' என்ற வெறும் இலக்கத்தைத்தான். முகவரிக்கு விலை வருவது ஆட்கள் அதைத் தட்டச்சு செய்வதால். நாமோ தமிழைக்கூட ஆங்கில எழுத்தில் அடிக்கிறோம். தளத்துக்குப் போவது ஃபேஸ்புக் இணைப்பிலோ கூகுளிலோ. தமிழில் தொடங்கி டொட் கொம்மில் முடியும் பெயருக்கு நடுவழியில் விசைப்பலகையையும் மாற்ற வேண்டும்.

தொழில்நுட்பமும் முழுதாக ஒத்துழைப்பதில்லை. இணையத்தின் பெயர் அமைப்பு உள்ளே ஆங்கில எழுத்திலேயே இயங்குகிறது. தமிழ்ப் பெயரை நகலெடுத்து ஒட்டினால் பல இடங்களில் 'எக்ஸ்என்' என்று தொடங்கும் புரியாத எழுத்துக் குவியலாக மாறிவிடும். அதைப் பார்ப்பவர் மோசடி இணைப்பு என்று அழித்துவிடுவார். 'ஔ' என்ற ஓரெழுத்தையும் 'ஒள' என்ற ஈரெழுத்தையும் கண்ணால் பிரிக்க முடியாத மொழியில் அந்தப் பயம் வீணுமல்ல. 2007இல் ஐகான் அமைப்பு 11 சோதனை முகவரிகளை உருவாக்கியபோது தமிழுக்கு வைத்த பெயரே 'பரிட்சை'. பரீட்சையிலேயே எழுத்துப்பிழை!

அப்படியானால் தமிழ் முகவரிக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது, ஆனால் அதை உண்டாக்க வேண்டியவர் அந்தத் தம்பி அல்ல. 2010இலேயே 'டொட் இலங்கை' நமக்குக் கிடைத்துவிட்டது. சிங்களத்துக்கு 'டொட் லங்கா'. தமிழ் அரசகரும மொழியான நாட்டில் அரச நிறுவனங்கள் அதை அன்றாடப் பாவனைக்குக் கொண்டுவந்திருந்தால் பழக்கம் வந்திருக்கும், பழக்கத்தின் பின்னால் சந்தையும் வந்திருக்கும். 2016 மே மாதம் இதே பிரதேசத்தில் மண்சரிந்து தோட்டக் குடியிருப்புகள் புதைந்தன. மழை பிடித்தால் இங்கே முதலில் பார்க்க வேண்டியது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை. அந்தத் தளத்தின் முகவரி அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள். அந்தத் தம்பியின் அம்மாவுக்கு அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

விற்கலாம் என்று எண்ணி வாங்கியவற்றை விட்டுவிடச் சொன்னேன். பதின்மூன்றை விடுகிறாராம். ஒன்று ஊர்ப் பெயர். அதில் தோட்டத்துச் செய்திகளைப் போட ஆசை. அதிலும் ஒரு சிக்கல். அவர் வாங்கியது 'புளத்கொகுபிட்டிய'. பத்திரிகைகள் சில 'புலத்கொஹுபிட்டிய' என்கின்றன, சில 'புளத்கொஹுபிட்டிய'. "மூன்றையும் வாங்கவா அக்கா?" என்று நேற்றுக் கேட்டு அனுப்பியிருக்கிறார், ஆங்கில எழுத்தில்.