பச்சைக் கையெழுத்து தண்ணீரில் நிற்குமா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தூத்துக்குடி மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டித் தீர்த்தது. தாமிரபரணி கரை மீறி ஏரலுக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்து மூன்று வாரம் கழித்து, என்னிடம் படித்த மாணவர் ஒருவர் ஏரலிலிருந்து கோவில்பட்டியில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் அவருடைய பிளஸ் டூ மாற்றுச் சான்றிதழ், அதாவது டிசி. பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருந்ததால் இரண்டு நாள் தண்ணீரில் ஊறிப்போயிருக்கிறது. வெயிலில் காயவைத்து, மேலே துணி போட்டு இஸ்திரி தேய்த்துக் கொண்டு வந்திருந்தார்.

"டீச்சர், கையெழுத்தைப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். அச்செழுத்து அப்படியே இருந்தது. எழுத்தர் பால்பாயிண்ட் பேனாவில் நிரப்பிய பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. பள்ளி முத்திரையின் ஊதா நிறம் கலங்கியிருந்தாலும் ஊர்ப் பெயரை வாசிக்க முடிந்தது. அடியில் வலது ஓரத்தில், தலைமையாசிரியர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில், வெளிறிய பச்சைத் திட்டு ஒன்றுதான் இருந்தது. 2011-இல் நான் போட்ட கையெழுத்து அது.

வேலைக்குச் சேரவிருந்த இடத்தில் அந்த டிசியை ஏற்க மறுத்துவிட்டார்கள். கையெழுத்து இல்லாத தாளை எப்படி ஏற்பார்கள்? அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. நகல் டிசி வாங்குவதற்குள் அந்தப் பையன் பள்ளிக்கும் அலுவலகங்களுக்குமாக நடந்த நடை எனக்குத் தெரியும். வெள்ளத்தில் வீட்டுச் சாமான் எல்லாம் போன ஆளுக்கு, என் பேனா மையும் சேர்ந்து ஒரு சுமையை ஏற்றி வைத்தது. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நான் வேதியியல் படித்தவள். 14 ஆண்டு அதைப் பாடமாக நடத்தியவள். பச்சை மையில் ஆயிரக்கணக்கான கையெழுத்துகள் போட்டேன். அந்த மையை ஒரு நாளாவது சோதித்துப் பார்க்கவில்லை.

மறு மாதமே சோதித்தேன். பஜாரில் ஒரு ஸ்டேஷனரி கடையில் 60 மில்லி பச்சை இங்க் பாட்டில் ஒன்று வாங்கினேன். பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் சாதாரணமாகப் புழங்கும் வகைதான். கம்பெனிப் பெயரைச் சொல்லவில்லை. கடையில் கிடைத்த வேறு இரண்டு பச்சை மைகளும் பின்னால் ஏறக்குறைய இதே மாதிரிதான் நடந்துகொண்டன. பேனா, பணி ஓய்வின்போது ஆசிரியர்கள் எனக்குக் கொடுத்த எபோனைட் பேனா. ஃபில்லரால் மை ஊற்றும் பழைய வகை. நிப்பு நடுத்தர முனை. சாத்தூர் இங்கிருந்து பக்கம்தான். ஒரு காலத்தில் பேனா நிப்புக்கே பேர்போன ஊர். அங்கே வீடுகளில் நிப்பு அடித்த சத்தத்தைச் சின்ன வயதில் நான் கேட்டிருக்கிறேன். அதனால் மைப்பேனா மேல் எனக்கு இருக்கிற பிரியம் இன்று நேற்று வந்தது இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எழுதுவதற்கு அது அருமையான மை. தடங்கல் இல்லாமல் ஒரே சீராக இறங்குகிறது. எழுதிய ஈரத்தில் வாழைக்குருத்து மாதிரி பளிச்சென்று இருக்கிறது; காய்ந்ததும் ஒரு படி அடங்கி, முற்றிய வாழையிலையின் நிறத்துக்கு வந்து நிற்கிறது. 'ழ' எழுதும்போது சுழியின் தொடக்கத்தில் மெலிவாகவும் பேனாவைத் தூக்கும் இடத்தில் அடர்த்தியாகவும் மை தேங்குவதால், ஒரே எழுத்துக்குள் இரண்டு மூன்று பச்சை தெரிகிறது. பால்பாயிண்ட்டில் இந்த அழகு வராது. ஐந்து நாள் எழுதாமல் மூடி வைத்துவிட்டுத் திறந்தேன். இரண்டாவது கோட்டிலேயே மை வந்துவிட்டது. பேனாவைக் கழுவுவதும் சுலபம். நாலு தடவை தண்ணீர் மாற்றினால் நிப்பும் அடியில் உள்ள கட்டையும் சுத்தமாகிவிடுகின்றன.

தாளைப் பொறுத்து அதன் குணம் மாறுகிறது. பாண்ட் தாளில் கோடு வெட்டினாற்போல் விழுந்தது. சாதாரண ஜெராக்ஸ் தாளில் லேசாக ஊறியது. பள்ளிப்பிள்ளைகளின் மலிவு நோட்டில் ஓரமெல்லாம் மயிர்க்கால் விட்டு, பின்பக்கமும் தெரிந்தது. இது தாளின் குறை, மையைக் குறை சொல்ல முடியாது.

இனி தண்ணீர். கையெழுத்து ஒன்றைப் பாண்ட் தாளில் போட்டு, முழுதாக ஒரு நாள் காயவிட்டு, ஃபில்லரால் அதன் மேல் ஒரே ஒரு சொட்டு விட்டேன். சொட்டு அசையாமல் நின்றது. பத்து நொடியில் அதன் அடியில் இருந்த கோடுகள் தடிக்க ஆரம்பித்தன. அரை நிமிடத்தில் சொட்டு முழுக்கப் பச்சை. ஒற்றுத்தாள் வைத்து எடுத்தபோது கையெழுத்து ஒற்றுத்தாளுக்குப் போயிருந்தது. தாளில் அது இருந்த இடத்தில் ஈரத்திட்டு மட்டும். இன்னொரு தாளைக் குழாயடியில் நீட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, இன்ன பெயர் என்று சொல்ல முடியாதபடி போய்விட்டது. அருகிலேயே பால்பாயிண்ட்டில் எழுதியிருந்த வரி அப்படியே நின்றது.

வெயில் சோதனைக்குப் பொறுமை வேண்டும். கையெழுத்தின் பாதியை அட்டையால் மூடி, மாடி அறையின் மேற்கு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். மாசி கடைசியில் ஒட்டியது. பங்குனி முழுக்க எங்கள் கரிசல் வெயில் அதன் மேல் விழுந்தது. 30 நாள் கழித்து அட்டையை எடுத்தேன். மறைந்திருந்த பாதி அதே முற்றிய பச்சை. வெயில் பட்ட பாதி வெளுத்து, சாம்பல் கலந்த நீலமாகியிருந்தது. ஒரே கையெழுத்தை இரண்டு பேர் போட்ட மாதிரி இருந்தது.

ஏன் நீலம்? அதற்கு என் பழைய வகுப்பறைச் சோதனையே பதில் சொன்னது. ஒரு சாக்பீஸின் அடியிலிருந்து ஒரு விரற்கடை மேலே மையால் வளையம் வரைந்து, அடி மட்டும் நனையும்படி தட்டுத் தண்ணீரில் நிறுத்தினேன். தண்ணீர் சாக்பீஸில் ஏற ஏற வளையம் பிரிந்தது. நீலம் முன்னால் ஓடியது, மஞ்சள் பின்தங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேத்தி, "ஆச்சி, பச்சையைக் காணோம்!" என்றாள். பச்சை என்று தனியாக அங்கே எதுவும் இருந்திருக்கவில்லை. தண்ணீரில் கரையும் இரண்டு சாயங்களின் கூட்டு அது. வெயிலில் மஞ்சள் முதலில் செத்தது, நீலம் மிஞ்சியது.

அழியாத மையை நம் ஆட்கள் அறியாதவர்கள் இல்லை. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சியவர்கள் நாம். கடுக்காயின் துவர்ப்பில் இருக்கும் டானின், அன்னபேதியில் இருக்கும் இரும்போடு சேர்ந்து, காற்றுப் பட்டதும் கறுத்துத் தாளின் நாரோடு பிடித்துக்கொள்ளும். அதன்பின் தண்ணீரில் கரையாது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் ஆவணங்களை எழுதியதும் இதே வேதியியலில்தான். அங்கே கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்து மாசிக்காய். பத்திரப் பதிவேடுகளுக்கு நீலக்கறுப்பு 'பெர்மனென்ட்' மை கேட்ட காலம் இருந்தது, காரணத்தோடுதான் கேட்டார்கள். ஆனால் அந்த மை கறுப்பாகத்தான் முடியும். பச்சையாக நிற்க வைக்க முடியாது. இந்தியத் தர நிர்ணயத்திலும் இரண்டும் தனித்தனி. இரும்பு சேர்ந்த பேனா மைக்கு ஐ.எஸ். 220, சாய மைகளுக்கு ஐ.எஸ். 1221. நீலம், ஊதா, சிவப்போடு பச்சை இந்த இரண்டாவதில்தான் வருகிறது.

ஆக, நம் நாட்டில் அதிகாரத்தின் நிறமாக நாம் ஏற்றுக்கொண்டிருக்கும் மை, கரையக்கூடிய சாய வகை. 'பச்சை மையில் கையெழுத்துப் போடுகிறவர்' என்றால் அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு பச்சைக் கையெழுத்துக்காகச் சான்றிதழ் நகல்களோடு தலைமையாசிரியர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்த தலைமுறை என்னுடையது. நகல்களுக்குச் சுயசான்றொப்பமே போதும் என்று 2014-இல் மத்திய அரசு சொன்ன பிறகு அந்தக் கூட்டம் குறைந்தது. நல்ல முடிவு. ஆனால் டிசியும் நன்னடத்தைச் சான்றும் நகல் இல்லை, மூலம். அந்தக் கையெழுத்து போனால் போனதுதான்.

தண்ணீர் மட்டும் ஆபத்து என்றும் சொல்ல முடியாது. கரையும் மை, மாற்றி எழுத நினைப்பவனுக்கும் வழிவிடும். வங்கிக் காசோலையை அழியாத மையில் நிரப்பச் சொல்வது இதற்காகத்தான். ஆயிரம் ரூபாய்க் காசோலைக்கு உள்ள பாதுகாப்பு ஒரு பிள்ளையின் சான்றிதழுக்கு வேண்டாமா?

பச்சையை விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. தாலோசயனின் என்றொரு பச்சை நிறமி இருக்கிறது. பெயின்ட்டிலும் அச்சு மையிலும் புழங்குவது. தண்ணீரில் கரையாது, வெயிலுக்கும் லேசில் மசியாது. நுண்ணிய துகளாக அரைத்துத் தண்ணீரில் மிதக்கவிட்ட நிறமி மைகள் இருக்கின்றன. ஜெர்மனியின் தே அத்ரமெந்திஸ் கம்பெனி ஆவணங்களுக்கென்றே செய்யும் மைகளில் பச்சையும் உண்டு. அத்தகைய மைக்கு ஒரு சிரமம் இருப்பது உண்மைதான். பேனாவுக்குள் காயவிட்டால் துகள் அடைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை கழுவ வேண்டும். அதிக விலை கொடுத்து எல்லாரும் வெளிநாட்டு மை வாங்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நம்மூரில் மை காய்ச்சத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், பேனா கடைந்து தரும் பட்டறைகள் இருக்கின்றன. கேட்பதற்கு ஆள் இருந்தால் செய்து தருவார்கள். பள்ளிக் கல்வித் துறையும் வருவாய்த் துறையும் கேட்டால் அதைவிடப் பெரிய வாடிக்கையாளர் யார்?

அதுவரை செய்யக் கூடியது ஒன்று உண்டு. தயாரிப்பாளர்கள் பாட்டிலின் லேபிளில் 'நீரில் கரையும், ஆவணங்களுக்கு உகந்ததல்ல' என்று ஒரு வரி அச்சிட வேண்டும். நான் வாங்கிய பாட்டிலில் நிறத்தின் பெயர் இருந்தது, அளவும் விலையும் இருந்தன; கரையுமா கரையாதா என்று ஒரு சொல் இல்லை. அந்த மையைக் கடிதம் எழுதவும் நாட்குறிப்புக்கும் நான் இன்றும் வைத்திருக்கிறேன். அந்த வேலைகளுக்கு அதைவிட இதமான பச்சை எனக்குக் கிடைக்கவில்லை. சான்றிதழில் மட்டும் அதைத் தொடக்கூடாது. இதுதான் என் தீர்ப்பு.

தலைமையாசிரியர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. ஜூன் பிறந்தால் டிசிக் கட்டுகள் உங்கள் மேசைக்கு வந்துவிடும். அதற்கு முன்னால் ஒரு நாள் மாலை, வழக்கமாகப் போடும் பேனாவால் ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். மறுநாள் காலை வந்ததும் அதைக் குழாயடியில் ஒரு நிமிடம் பிடியுங்கள். கையெழுத்து நின்றால் அந்தப் பேனாவையே எடுங்கள். கரைந்தால், நிறத்தைப் பற்றி யோசிக்காமல் நீலக்கறுப்புப் 'பெர்மனென்ட்' மையில் போடுங்கள். அந்தத் தாள் இன்னும் முப்பது வருடம் எந்த வீட்டுப் பீரோவின் எந்தத் தட்டில் இருக்கப் போகிறதோ, நமக்குத் தெரியாது.