வோல்டேஜைக் குறைத்துப் பாருங்கள், கூலரைப் பிறகு வாங்கலாம்



"சார், கம்ப்யூட்டர் ரொம்ப சூடாகுது, தானா ஆஃப் ஆயிடுது. லிக்விட் கூலர் வாங்கலாமா?" சித்திரை பிறந்ததும் இந்தக் கேள்வி எனக்கு வரத் தொடங்கிவிடும். தனித்தனியாகப் பதில் எழுதுவதற்குப் பதில் என் கருத்தை இங்கேயே மொத்தமாக எழுதிவிடுகிறேன். காசு செலவழிப்பதற்கு முன்னால், பிராசஸருக்குப் போகும் வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். இதற்கு அண்டர்வோல்டிங் என்று பெயர். (நம் ஊரில் சி.பி.யு. என்றால் முழுப் பெட்டியையும் சொல்கிறோம். நான் சொல்வது ஹீட்சிங்க்குக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சில்லை மட்டும்.)

பன்னிரண்டாம் வகுப்பில் மின்தேக்கிப் பாடம் நடத்தியது ஞாபகம் இருக்கிறதா? அதில் சேமிக்கப்படும் ஆற்றல் வோல்டேஜின் இருமடிக்கு நேர்த்தகவில் இருக்கும். பிராசஸருக்குள் இருக்கும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொன்றும் நுண்ணிய மின்தேக்கி ஒன்றை நிரப்புவதும் காலி செய்வதுமாக நொடிக்குப் பல கோடி தடவை இயங்குகின்றன. அந்த ஆற்றல் முழுவதும் கடைசியில் வெப்பம்தான். வோல்டேஜ் 1.30இலிருந்து 1.20க்கு இறங்கினால் குறைவது ஏறக்குறைய 8 சதவீதம். ஆனால் இருமடி என்பதால் வெப்பம் ஏறக்குறைய 15 சதவீதம் குறையும், அதே வேகத்தில் ஓடும்போதே. 120 வாட் இழுத்த சில் 102 வாட்டில் நிற்கும்.

இதை நம் வீட்டு வெயிலோடு பொருத்திப் பாருங்கள். அறை 38 டிகிரி, சில் 95 டிகிரி என்றால் இடைவெளி 57. வாட் 15 சதவீதம் குறைந்தால் அந்த இடைவெளி 48 அல்லது 49 ஆகும். சில் 87 டிகிரிக்கு அருகில் வந்துவிடும். ஏ.சி. அறையில் கூலரைச் சோதித்துக் காட்டும் யூடியூப் வீடியோக்களை நம்பி நம் மொட்டைமாடி அறைக்குக் கூலர் வாங்குகிறவர்கள் இந்தக் கழித்தலை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

"கம்பெனிக்காரன் தெரியாமலா வைத்திருப்பான்?" என்று என் மைத்துனர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஒரே தொழிற்சாலையில் செய்தாலும் இரண்டு சில்லுகள் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒன்று குறைந்த வோல்டேஜிலேயே ஒழுங்காக ஓடும், இன்னொன்றுக்குக் கூடுதலாகத் தேவைப்படும். லட்சக்கணக்கில் விற்கும்போது, அந்த மாடலில் சுமாரான சில்லும் தடுமாறாமல் ஓடும் அளவுக்கு வோல்டேஜ் வைக்கிறார்கள். வருடங்கள் போகப் போகச் சில் தேயும், அதற்கும் கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறார்கள். பள்ளியில் எல்லோருக்கும் சேரட்டும் என்று பெரிய அளவில் சீருடை தைத்துக் கொடுப்பதைப் போல. உங்கள் சில்லுக்கு அந்த அளவு தேவையா என்பதை நீங்கள் சோதித்தால்தான் தெரியும்.

வோல்டேஜ் கூடுதலாக இருந்தால் பத்திரம் என்ற எண்ணமும் சரியில்லை. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் பல இடங்களில் திடீர் திடீரென்று நின்றுபோனதை 2024இல் படித்திருப்பீர்கள். மைக்ரோகோட் தவறுதலாக அதிக வோல்டேஜ் கேட்டதும் அதற்குக் காரணம் என்று இன்டெல்லே அறிவித்து, ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே பாதிக்கப்பட்ட சில்லுகளை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது. அந்தத் தலைமுறைப் பிராசஸர் வைத்திருப்பவர்கள் வேறு எதையும் தொடுமுன் பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள்.

என் பழைய மாணவர் ஒருவர் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறார். முகூர்த்த மாதத்தில் இரவு முழுக்க ரெண்டரிங் ஓட வேண்டும். காலையில் வந்து பார்த்தால் பாதியில் நின்றிருக்கும். பெண் வீட்டார் போன் மேல் போன். கடையில் பதினோராயிரத்துக்கு லிக்விட் கூலர் போடச் சொன்னார்கள். அவருடையது ரைசன் 7 5800எக்ஸ், எட்டுக் கோரும் ஒரே சின்னச் சில்லில் நெருக்கிக்கொண்டு இருப்பதால் சூடாவதற்குப் பேர்போனது. முதலில் பெட்டியைத் திறந்து தூசி தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றச் சொன்னேன். அதைச் செய்யாமல் வோல்டேஜில் கைவைப்பதில் அர்த்தமில்லை. பிறகு பயாஸில் கர்வ் ஆப்டிமைசர் என்ற இடத்துக்குப் போய், எல்லாக் கோருக்கும் நெகட்டிவ் 10 வைத்தோம். அங்கே ஒரு எண் என்பது சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். இரண்டு நாள் ஓட்டிவிட்டு 15 ஆக்கினோம். ரெண்டரிங் அழகாக ஓடியது, ஆனால் சும்மா இருக்கும்போது ஒரு முறை ரீஸ்டார்ட் ஆனது.

பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். முழுப் பளுவில் அரை மணி நேரம் தாங்கினால் சோதனை முடிந்தது என்று நினைக்கிறார்கள். லேசான வேலையில் ஒரே ஒரு கோர் உச்ச வேகத்துக்குத் தாவும் நொடியில்தான் வோல்டேஜ் போதாமல் போகும். அதிலும் அதிக வேகத்துக்குப் போகும் நல்ல கோர்களுக்குத்தான் பெரும்பாலும் குறைக்க இடம் குறைவு. விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் எந்தக் கோர் என்று பார்த்து, அதற்கு மட்டும் 5 வைத்தோம், மற்றவை 15. கூடவே மொத்த வாட் வரம்பை 142இலிருந்து 110க்கு இறக்கினோம். அதை விட்டுவிட்டால், மிச்சமான வாட்டையும் வேகமாக்கிச் செலவழித்துவிடும், சூடு அவ்வளவாகக் குறையாது. 90ஐத் தொட்டு நின்றது இப்போது 79, 80இல் ஓடுகிறது. ரெண்டரிங் நேரத்தில் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. கூலர் வாங்கவில்லை.

செய்ய நினைப்பவர்களிடம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஒரே தாவலில் 100 மில்லிவோல்ட் குறைக்காதீர்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். முன்னும் பின்னும் சினிபெஞ்ச் ஓட்டி மதிப்பெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சூடு குறைந்து மதிப்பெண்ணும் குறைந்திருந்தால் அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டீர்கள் என்று பொருள். குறைந்த வோல்டேஜால் சில் எரிந்துபோகாது. கம்ப்யூட்டர் கிளம்பவே இல்லை என்றால் மின்சாரத்தைத் துண்டித்து, மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டுங்கள், பழைய நிலைக்கு வந்துவிடும். ஆபத்து உங்கள் கோப்புகளுக்குத்தான். தடுமாறும் பிராசஸர் தப்புக் கணக்குப் போட்டு அதையே டிஸ்க்கில் எழுதி வைக்கும். கணக்கு வழக்கு, குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் முதலில் தனி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுங்கள். அந்த ஒரு வேலையைச் செய்யாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

'கே' எழுத்து இல்லாத புதிய இன்டெல் பிராசஸர்கள் பலவற்றில் வோல்டேஜைக் குறைக்க விடமாட்டார்கள். அவர்கள் பயாஸில் பவர் லிமிட்டை மட்டும் இறக்கலாம். வேகம் சற்றுக் குறையும், சூடு நன்றாகவே குறையும். லேப்டாப் பற்றிக் கேட்கப்போகிற மருமகப் பிள்ளைகளுக்கும் இப்போதே பதில்: 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்த பிறகு பல இன்டெல் லேப்டாப்களில் இந்த வசதியைப் பூட்டிவிட்டார்கள். மாடல் பெயரையும் பயாஸ் பக்கத்தின் போட்டோவையும் கமெண்ட்டில் போடுங்கள், உங்களுடையதில் திறந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.