மலிவுத் தூண்டில் தடியும் விலைப்பட்டியல் வீரர்களும்

கடல் மீனுக்குத் தடி வாங்கப்போறன் எண்டு சொன்னால் போதும், "மலிவானது முறிஞ்சுபோம், காபன் எடு" எண்டு அறிவுரை வந்துவிடும். மகாபொல காசில் தடி வாங்குகிறவனுக்கு அதன் அர்த்தம் ஒன்றுதான்: உனக்கு இது சரிவராது, கரையை விட்டுப் போ.

விஷயத்துக்கு வருவோம். பாரையோ சீலாவோ இழுக்கும்போது தடிக்கு வருகிற பாரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது றீலின் ட்ராக். 30 இறாத்தல் தங்கூசிக்கு அதை 8 முதல் 10 இறாத்தலுக்குள் வைப்பதுதான் வழக்கம். அதைத் தாங்க, தடிப்பான கண்ணாடி இழைத் தடி தாராளம். பாரம் கூடத்தான், கை நோகும். ஆனால் கல்லிலயோ படகு விளிம்பிலயோ தட்டுப்பட்டாலும் லேசில் உடையாது. மெல்லிய காபன் தடி அப்படி அடிவாங்கி உள்ளுக்குள் கீறல் விட்டால், அடுத்த பெரிய மீனுக்கே முறியலாம்.

அதுக்காக மலிவெல்லாம் நல்லதெண்டும் இல்லை. 'ஹெவி டியூட்டி' ஸ்டிக்கரை நம்பாதேங்கோ. ஒன்றுக்குள் ஒன்று நுழையிற தடியை விடுங்கோ. மூட்டுக்குள் மணலும் உப்பும் போனால் கதை முடிஞ்சுது. வளையங்களுக்குள்ளால பஞ்சை ஓட்டிப் பாருங்கோ. பஞ்சு சிக்கிற இடத்தில் தங்கூசியும் அறும். கடையிலேயே துரு தெரிஞ்சால் வேண்டாம்.

மிச்சக் காசை நல்ல றீலுக்குப் போடுங்கோ. கடலால வந்தவுடன் நல்ல தண்ணியில் கழுவுங்கோ.

தடியே இல்லாமல், கையில் தங்கூசி பிடிச்சு அறக்குளா ஏத்துகிற கடற்றொழிலாளர் இருக்கிற ஊரில், விலைப்பட்டியலைக் காட்டி வீரம் பேசவேண்டாம்.