காணாமற் போன கார் சாவி

சாவி தொலைந்தால் கார்க் கதவைத் திறக்க முடியாதே என்று கவலைப்பட்ட காலம் ஒன்று இருந்தது. இன்று கதவைத் திறந்துவிடலாம். ஆனால் கார் நகராது. சாவி என்ற சொல் மாறவில்லை. அந்தச் சொல்லுக்குள் இருக்கும் பொருள் அடியோடு மாறிவிட்டது. இதை அறியாதவர்கள் சாவியைத் தொலைத்த அன்றுதான் அறிகிறார்கள். அதற்குக் கொடுக்கும் விலை கொஞ்சமல்ல.

இந்த மாற்றத்தின் இரு முனைகளையும் எண்ணூர்க் கடற்கரை ஒன்றிலேயே காணலாம். 1948-ல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் கம்பெனி, மறு வருஷமே எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பொருத்தி வெளியே அனுப்பியது. இங்கிலாந்திலிருந்து பாகங்கள் கப்பலில் வந்தன. எண்ணூரில் கார் உருவாயிற்று. 1955-ல் அந்தக் கம்பெனியே அசோக் லேலண்ட் என்று பெயர் மாறி, லாரிக்கும் பஸ்ஸுக்கும் பேர்போனது. அதே எண்ணூரில் 2001-ல் புதுத் துறைமுகம் திறக்கப்பட்டது. 2014 முதல் அது காமராஜர் துறைமுகம். அன்று கார்ப் பாகங்களைப் பொருத்திய ஊரிலிருந்து, இன்று முழுக் கார்களே கப்பலேறுகின்றன. ஒவ்வொரு காரையும் ஒரு டிரைவர் சாய்தளத்தின் வழியே கப்பலின் வயிற்றுக்குள் ஓட்டிச் சென்று நிறுத்துகிறார். அவர் கையிலுள்ள சாவியும் 1949-ம் வருஷத்துச் சாவியும் பெயரில் மட்டுமே உறவினர்கள்.

இரும்புச் சாவி

அந்த நாளைய சாவி வெறும் உலோகத் துண்டு. அதன் பற்கள் பூட்டின் பற்களோடு பொருந்தினால், மின்சாரம் பாய வழி கிடைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. அக்காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் சாவியின் எண் பூட்டின் முகத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தது. எண்ணைப் படித்துச் சொன்னால் கடையில் சாவி கிடைத்துவிடும். சொந்தக்காரனுக்கு அது சௌகரியம். திருடனுக்கும் அதே சௌகரியம்! பிற்காலத்தில் தேய்ந்துபோன அம்பாசடர்ப் பூட்டை இன்னொரு காரின் சாவி திறந்துவிட்ட வேடிக்கையும் உண்டு.

பாரிமுனையிலும் வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் நடைபாதையில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் சாவித் தொழிலாளிதான் அன்று சாவி தொலைத்தவருக்குத் தெய்வம். ஒரு கொத்து வெற்றுச் சாவி, இரண்டு அரம், ஒரு சிறு சுத்தி. இவைதான் அவருடைய பட்டறை. வெற்றுச் சாவியைப் பூட்டுக்குள் நுழைத்துத் திருப்பி, அதில் விழுந்த மெல்லிய தடத்தைக் கண்ணால் அளந்து, ராவி ராவிப் பொருத்திவிடுவார். படிப்பால் வந்த வித்தையல்ல அது. விரல் நுனியில் குடியிருந்த வித்தை.

எண்ணைச் சொல்லும் சாவி

கார்த் திருட்டு பெருகியதும் கம்பெனிகள் யோசித்தன. அமெரிக்காவில் 1986-ம் வருஷ மாடல் கார்வெட் காரின் சாவியில் சிறு மின்தடை ஒன்றைப் பதித்தார்கள். பற்கள் பொருந்தினாலும் தடையின் அளவு பொருந்தாவிட்டால் கார் கிளம்பாது. அடுத்து, சாவியின் பிடிக்குள் ‘சிப்’ புகுந்தது. 1998 அக்டோபர் முதல் பிரிட்டனில் புதுக் கார்களுக்கு இந்தப் பாதுகாப்பு கட்டாயமாயிற்று. 2001-ல் ஆஸ்திரேலியாவும் 2007-ல் கனடாவும் அவ்வாறே சட்டம் செய்தன. இந்தியச் சாலைகளிலும் இன்று இது சர்வசாதாரணம்.

இது வேலை செய்யும் விதம் ரசமானது. சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியிலுள்ள சிப்புக்குப் பேட்டரி கிடையாது. சுருளிலிருந்து வரும் அலையிலேயே அது உயிர் பெற்று, தன் ரகசிய எண்ணைச் சொல்கிறது. காரின் மூளையாகிய கம்ப்யூட்டர் அந்த எண்ணைச் சரிபார்க்கிறது. எண் தவறானால் என்ஜின் ஓடாது. சில கார்களில் ஒரு கணம் உறுமிவிட்டு அடங்கிவிடும். கதவைத் திறக்கும் பொத்தானுக்குத்தான் பேட்டரி வேண்டும். அந்தப் பேட்டரி தீர்ந்ததைப் பார்த்துச் சாவியே பழுது என்று எண்ணிப் புதுச் சாவிக்குப் பணம் கட்டுவது வீண் செலவு.

ஆக, இன்றைய சாவி பூட்டைத் திறக்கும் கருவி மட்டுமல்ல; ‘வந்திருப்பவன் வீட்டுக்காரன்தான்’ என்று சொல்லும் அத்தாட்சிப் பத்திரம். பற்களை ராவிவிடலாம், அத்தாட்சியை அரத்தால் ராவ முடியுமா?

ஒரு நாள் கூலி

திருட்டைத் தடுக்க வந்த ஏற்பாடு நல்லதே. அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் திருடனுக்குப் போட்ட வேலி வீட்டுக்காரன் காலையும் கீறுகிறது. திருவொற்றியூரில் கடன் வாங்கி டாக்சி ஓட்டுபவரையோ, காசிமேட்டிலிருந்து விடியற்காலையில் மீன் ஏற்றிச் செல்லும் சிறு வேன்காரரையோ நினைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு சாவியில் ஒன்று தொலைந்தால் பாதகமில்லை. மற்றொன்றைக் கொண்டு புதுச் சாவியைக் காரின் நினைவில் பதிந்துவிடலாம். இரண்டும் தொலைந்தாலோ, வண்டியை இழுத்துச் செல்ல வேண்டும். கம்பெனியிலிருந்து சாவி வரக் காத்திருக்க வேண்டும். சில மாடல்களில் பூட்டுகளையும் அவற்றோடு சேர்ந்த மின்கருவியையும் மாற்ற வேண்டும். வண்டி நிற்கும் நாட்களுக்குக் கடன் தவணை நிற்குமா? ஐஸ் பெட்டியில் மீன்தான் காத்திருக்குமா?

இந்நிலையில், தெருமுனையிலுள்ள கைத்தொழிலாளியால் ஏன் உதவ முடியவில்லை என்ற கேள்வி எழுகிறது. அவருக்குத் திறமை இல்லாமலில்லை. சிப் பதியும் கருவியை வாங்கிப் பழகிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். கம்பெனியின் ரகசியம்தான் அவருக்கு நேர்வழியில் கிட்டுவதில்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிப் பாகங்களையும் கோளாறு காணும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தாராளமாகக் கிடைக்கவிடவில்லை என்பதே குற்றச்சாட்டு. கம்பெனிகள் மேல்முறையீடு செய்தன. 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுநீக்கும் உரிமை’க்கென ஓர் இணையதளம் திறந்தது, மோட்டார் வாகனங்களும் அதில் அடக்கம். வாசல் திறந்தது, வழி இன்னும் முழுதாகத் திறந்தபாடில்லை.

ரகசியத்தை வெளியே விட்டால் திருடர்கள் பிழைத்துக்கொள்வார்களே என்று கம்பெனிகள் சொல்லலாம். அச்சம் நியாயமானது. ஆனால் மூடி வைப்பது மட்டுமே காவலாகாது. 2005-லேயே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழக ஆராய்ச்சியாளர்கள், லட்சக்கணக்கான கார்களில் இருந்த ஒரு சிப்பின் 40 பிட் ரகசியத்தை உடைத்துக் காட்டினார்கள். அமெரிக்காவில் வேறு வழி கண்டிருக்கிறார்கள். பூட்டுத் தொழிலாளியின் பின்னணியை ஆராய்ந்து பதிவு செய்கிறார்கள். பதிவு பெற்றவர், உரிமையாளரின் அத்தாட்சியைப் பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகு கம்பெனியிடமிருந்து சாவி எண்ணைப் பெறலாம். தவறு செய்தால் பெயர் வெளிப்படும். திருடனுக்குக் கதவு அடைபடுகிறது. தொழிலாளிக்குக் கதவு திறக்கிறது. நம் நாட்டிலும் இதைச் செய்ய என்ன தடை? மாற்றுச் சாவியின் விலையையும் கிடைக்கும் நாளையும் கார் விற்கும்போதே எழுத்தில் கொடுக்கவும் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்த வேண்டும்.

சொந்தக்காரரின் கடமை

சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கலாகாது. இரண்டாவது சாவியைக் காருக்குள்ளேயே வைப்பது பேதைமை. புதுக் காரோடு சாவி எண் பொறித்த சிறு தகடு வந்தால், அதைப் பத்திரங்களோடு வீட்டில் வைக்க வேண்டும். பழைய கார் வாங்குகிறவர் இரண்டு சாவியையும் கேட்டு வாங்க வேண்டும். சாவி தொலைந்தால் போலீசில் எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்வது நல்லது. பின்னொரு நாள் காரே திருடு போனால் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி எல்லாச் சாவிகளையும் கேட்கும். புதுச் சாவி பதியும்போது, தொலைந்த சாவியின் எண்ணைக் காரின் நினைவிலிருந்து நீக்கச் சொல்லவும் மறக்கக்கூடாது. நீக்கினாலும் அதன் பற்கள் கதவைத் திறக்கும் என்பதால், காருக்குள் விலையுள்ள பொருளை விட்டுச் செல்லலாகாது.

தொழிலாளிக்கும் ஒரு வார்த்தை. ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்காமல் எவருக்கும் சாவி செய்து தரக்கூடாது. அவர் தொழிலின் மானம் அந்த ஒரு பழக்கத்தில் இருக்கிறது.

பணம் கொடுத்து வாங்கிய வண்டிக்கு எஜமானன் யார் என்பதில் சந்தேகம் வரக்கூடாது. திருடனைத் தடுக்கும் பூட்டு தேவை. உழைத்து வாங்கியவனைப் பட்டினி போடும் பூட்டு தேவையில்லை. இரண்டையும் பிரித்தறியும் பொறுப்பு சர்க்காருடையது.