பொலிகாளைக்குக் கண் மட்டும் போதுமா?

அமெரிக்காவின் இறைச்சி மாட்டு ஏலங்களில் நெடுங்காலமாக ஒரு பேச்சு உண்டு: "நல்ல காளை பார்த்ததுமே தெரியும், கையேட்டில் இருக்கிற எண் எதற்கு?" அந்த எண்ணின் பெயர் ஈ.பி.டி., அதாவது எதிர்பார்க்கப்படும் சந்ததி வேறுபாடு. ஒரே இனத்தில் ஒரு காளைக்குப் பால்மறக்கும் எடையில் 70, மற்றொன்றுக்கு 50 என்றால், ஒரே தரமான பசுக்கள், ஒரே மேய்ச்சல் என்ற நிலையில் முதல் காளையின் கன்றுகள் சராசரியாக 20 பவுண்டு கூடுதலாக இருக்கும். எண் சொல்வது அவ்வளவுதான்.

கண்ணே போதும் என்பது முதல் வாதம். 1940களிலும் 50களிலும் கண்காட்சி நடுவர்கள் குட்டையான, திரண்ட மாடுகளுக்கே பரிசு கொடுத்தார்கள். குள்ளத்தன்மைக்கான மரபணுவைச் சுமந்த காளைகளும் அந்த ரசனையில் தேர்வாகின. ஹெர்ஃபோர்டு மந்தைகளில் பிழைக்காத குள்ளக் கன்றுகள் பிறந்தன. 1970களிலும் 80களிலும் ரசனை தலைகீழானது. அப்போது பரிசு நெடுங்கால் மாடுகளுக்குப் போனது.

சரி, காளையின் சொந்த எடையைப் பார்த்தால் போதாதா? அந்த எடையில் தாயின் பால், தாயின் வயது, அந்த ஆண்டின் புல் எல்லாம் கலந்திருக்கின்றன. பால்மறக்கும் எடையில் காணும் வேறுபாட்டில் மரபின் பங்கு ஏறக்குறைய கால்வாசிதான். கால்நடை மரபியலாளர் சார்லஸ் ஹென்டர்சன் வகுத்த கணக்குமுறை, ஒன்றாக வளர்ந்த கன்றுகளை ஒப்பிட்டு, உறவு மாடுகளின் பதிவுகளையும் சேர்த்து அந்தப் பங்கைப் பிரித்தெடுக்கிறது. 1971இல் அமெரிக்கச் சிமென்டல் சங்கம் நாடளாவிய காளை மதிப்பீட்டை வெளியிட்டது.

எண் மாறிக்கொண்டே இருக்கிறது என்பது அடுத்த குறை. மாறத்தான் செய்யும். கன்றே பிறக்காத இளங்காளையின் மதிப்பீடு தளர்வானது. எவ்வளவு தளர்வு என்பதும் துல்லிய அளவாகப் பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது. நூற்றுக்கணக்கான கன்றுகளின் பதிவு சேர்ந்த காளைக்கு எண் அதிகம் அசையாது.

எண்ணைத் துரத்திப் பசுக்களை அளவுக்கு மீறிப் பெரிதாக்கிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டில் மட்டும் உண்மை இருக்கிறது. வளர்ச்சி எடையை மட்டுமே பார்த்துத் தேர்ந்தால் பிறப்பு எடையும் கூடவே ஏறும். தலை ஈத்துக் கிடாரிகள் கன்று ஈனத் திணறும். பழி வளர்ச்சி எடை என்ற ஒற்றை எண்ணோடு நின்றுவிட்டவர்மேல் விழ வேண்டும். எளிதாக ஈனுதலுக்கும் தனி எண் இருக்கிறது. சிறிதாகப் பிறந்து வேகமாக வளரும் கன்றுகளைத் தரும் காளையைக் கண்ணால் பிரித்தறிய வழியே இல்லை.

2008இல் ஆங்கஸ் இனத்தில் முதுகு வளைந்து இறந்தே பிறந்த கன்றுகளை எடுத்துக்காட்டுவோரும் உண்டு. அந்தக் குறைபாட்டைப் பரப்பிய காளை நல்ல எண்களால் பெயர்பெற்றதுதான். ஈ.பி.டி. இத்தகைய குறைபாட்டைக் காட்டாது. கண்ணும் காட்டாது, ஏனெனில் மரபணுவைச் சுமக்கும் மாடு நலமாகவே நிற்கும். சுமப்பவற்றைக் கண்டறியும் டி.என்.ஏ. சோதனை சில மாதங்களிலேயே வந்துவிட்டது.

கண்ணுக்கு வேலை மிச்சமிருக்கிறது. எண்ணால் சலித்தெடுத்த காளைகளை நடக்கவிட்டுக் குளம்பையும் கால் வாகையும் பார்க்க வேண்டும். விதைப்பையை அளந்து விந்துப் பரிசோதனையும் செய்ய வேண்டும். நொண்டும் காளைக்கு எந்த எண் இருந்தாலும் அதனால் மேய்ச்சல் நிலத்தில் பசுக்களைச் சினைபிடிக்க வைக்க முடியாது.